வேகாத ஜவ்வரிசி

போன வருடம் நோன்பு மாதத்தில், கீரமங்கலத்தில் எங்கள் வீட்டில் தொடங்கிப் பக்கத்து வீட்டு அடுப்பில் போய் முடிந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்தேன். இன்றைக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், திருச்சியில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணை ஆசிட் பாட்டில்களுக்கு நடுவில் விட்டுவிட்டு இங்கே நிம்மதியாகச் சாப்பிட முடியாத ரகம் நான். தினமும் போனில், கையுறை போட்டாயா, கண்ணுக்குக் கண்ணாடி போட்டாயா என்று கேட்பேன். “போட்டேன்மா, ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டேன்” என்பாள்.

அவளுடைய புராஜெக்ட் இறால் ஓட்டில் இருந்தது. இறால் ஓட்டிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதைச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, பட்டறைக் கழிவு நீரில் கலந்திருக்கும் உலோகத்தை அந்த உருண்டைகளால் பிடிப்பது. இதைக் கேட்டு முதலில் உதவிக்கு வந்தது எங்கள் பக்கத்து வீட்டு அக்காதான். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். எனக்கும் அவர் லாத்தாதான். அவருடைய தம்பி கட்டுமாவடியில் இறால் வியாபாரம் செய்கிறார். உரித்த ஓடு அங்கே மலையாகக் குவிந்து கிடக்குமாம். மீன் வண்டியில் ஒரு சாக்கு ஓடு கொடுத்தனுப்பினார்.

அந்தச் சாக்கு வந்த நாளைத் தெருவே மறக்காது. என் மகள் கொல்லையில் ஓட்டைக் கழுவிக் காயப்போட்டாள். தெருவில் உள்ள அத்தனை பூனைகளும் எங்கள் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. “என்ன டீச்சர், கருவாட்டுக் கடை போட்டாச்சா?” என்று போகிறவர், வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். லாத்தா மட்டும் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “பூனைக்கும் சேத்துப் பரீட்சை வைங்க, பாசாயிரும்” என்றார்.

பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அந்த உருண்டைகளை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்து காட்டினாள். தண்ணீருக்குள் வெள்ளையாக, வழவழவென்று கிடந்தன. ஓட்டிலிருந்து எடுத்த பொருளைக் கரைத்து, துளித்துளியாக ஊசியில் விட்டு உருட்டினாளாம். ஒரு கண்ணாடி டம்ளரில் செம்பு சேர்ந்த மயில்துத்தத்தைக் கரைத்து, நீலத் தண்ணீரில் இவற்றைப் போட்டு ஜன்னலோரம் வைத்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் வெளுத்திருந்தது, உருண்டைகள் நீலமாகியிருந்தன. சாயம் ஏறியது போல அல்ல. உள்ளேயே நீலம் முளைத்தது போல இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எப்படிப் பிடிக்கிறது, தண்ணீரை விட்டுவிட்டுச் செம்பை மட்டும் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாலிமர் என்றால் பிளாஸ்டிக் என்று மட்டும் நினைத்திருந்தேன். அவள் எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டை உதாரணம் காட்டினாள். நெடுக ஒரே பூவைத் தொடுத்த சரம் போன்றதாம் பாலிமர். இந்தச் சரத்தில் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கை உண்டு. அந்தக் கைதான் உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

“பிடிச்சா விடவே விடாதா?”

“ஆசிட்ல போட்டா விட்ரும்மா. உலோகம் தனியா வந்துரும், உருண்டை தனியா வந்துரும். மறுபடி மறுபடி உபயோகிக்கலாம். அதுதான் இதுல விசேஷமே.”

அந்த ஒரு வாக்கியம் பிறகு எனக்கு எப்படித் திரும்பி வரும் என்று அன்றைக்குத் தெரியாது. என் மனதில் பதிந்ததெல்லாம் ஒன்றுதான்: வெள்ளை உருண்டை காலியானது, நீல உருண்டை பிடித்துவிட்டது. நீலத்தைத் தொடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். உலோகத்துக்கு உலோகம் நிறம் மாறும், சிலது நிறமே காட்டாது என்று அவள் சொன்னாளா, சொல்லி நான் கேட்கவில்லையா, ஞாபகமில்லை.

நோன்பு மாதம் வந்தது. வருடா வருடம் நோன்புக் கஞ்சி சுவருக்கு மேலாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மூடி போட்ட தூக்குவாளியில் லாத்தா நீட்டுவார். மறுநாள் நான் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் வாளியாகக் கொடுக்க மாட்டேன். நாலு வாழைப்பழமோ, கொஞ்சம் முறுக்கோ, கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையோ உள்ளே இருக்கும். யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டில் விடாத பழக்கம்.

லாத்தாவின் மகள் அப்போது தலைப்பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. டாக்டர் சொன்னதால் அவள் நோன்பு வைக்கவில்லை. ஜவ்வரிசிப் பாயாசம் குடிக்க ஆசையாக இருக்கிறது என்று அந்தப் பெண் முதல் நாள் சொன்னதாக லாத்தா பேச்சுவாக்கில் சொன்னார். சரி, நாளைக்கு வாளியில் ஜவ்வரிசியை ஊறவைத்தே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நோன்போடு நிற்கிற மனுஷிக்கு ஒரு வேலை மிச்சமாகும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு கிண்ணத்தில் ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

சாயந்திரம் திரும்பி வந்தபோது மகள் வந்திருந்தாள். வருவதாகச் சொல்லவே இல்லை. பஸ் அலுப்பில் கூடத்து ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. முகம் கழுவிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். என் கல்யாணத்துக்குச் சீராக வந்த, மூடியோடு கூடிய கிண்ண செட், எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும். அந்தக் கிண்ணம் முன்னாலேயே இருந்தது. திறந்தேன். தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் எவ்வளவு அழகாக ஊறியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஜவ்வரிசி ஊறிய தண்ணீர் மாவாகக் கலங்கியிருக்கும் என்பது இத்தனை வருடம் சமைத்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பார்க்கவில்லை. கையில் என் பெயர் வெட்டிய கிண்ணம் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. அப்படியே வாளியில் கவிழ்த்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவருக்கு மேலாக நீட்டினேன்.

“எம் மகளுக்கு ஒங்க ஞாபகமாவே இருக்கும் டீச்சர்” என்று வாங்கிக்கொண்டார் லாத்தா.

நான் டீ போட்டுக் குடித்தேன். பேப்பர் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

“டீச்சர், இது எந்தக் கடை ஜவ்வரிசி? கொதி கொதின்னு கொதிக்குது, கண்ணாடியா மாறவே மாட்டேங்குதே.”

“நல்ல சேலத்து ஜவ்வரிசி லாத்தா. இன்னும் கொஞ்சம் கொதிக்க விடுங்க, வெந்துரும்” என்றேன்.

தெரிந்தவள் போல யோசனை சொல்லிவிட்டு மறுபடி சிவப்புப் பேனாவை எடுத்தேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

மகள் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். “அம்மா, இதுல ஒரு கிண்ணம் வச்சிருந்தேனே, எங்க?” என்றாள். எந்தக் கிண்ணம் என்று கேட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டதாம். உருண்டைகள் காய்ந்தால் வீணாகிவிடுமே என்று, முன்பு நான் பலகாரம் கொடுத்துவிட்ட கிண்ணத்திலேயே போட்டு எடுத்து வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லத்தான் காத்திருந்தாள், தூங்கிவிட்டாள். நான் உள்ளே பார்த்தேன். பின்னால், தயிருக்குப் பக்கத்தில், என் பெயர் வெட்டிய இன்னொரு கிண்ணம் இருந்தது. திறந்தால், கலங்கிய தண்ணீரில் உப்பி, ஒட்டிக்கொண்டு கிடந்தது ஜவ்வரிசி.

“அது வெறும் உருண்டைதானே? வெள்ளையாத்தானே இருந்துச்சு?” என்றேன். எனக்கே என் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

“பேட்டரி பட்டறைத் தண்ணியில போட்டு எடுத்ததும்மா. ஈயம். ஈயத்தப் பிடிச்சா நெறம் மாறாது.” பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். “யாருக்குக் குடுத்த?”

நான் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் அந்தச் சுவரை ஏறிக் குதித்ததைப் பார்த்தேன். எனக்கு அது முடியாது. வாசல் வழியாக, செருப்பில்லாமல், தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வெயில் இறங்கியிருந்தது. பள்ளிவாசல் பக்கம் ஆட்கள் தொப்பியைச் சரிசெய்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. பாங்கு சொன்னதும் நோன்பு திறப்பார்கள், பாயாசத்தை எடுத்து வாயில் வைப்பார்கள்.

நான் உள்ளே நுழைந்தேன். லாத்தா கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றார். பேரீச்சம்பழத் தட்டும் தண்ணீரும் எடுத்துவைத்திருந்தது. மேஜை ஓரத்தில் அவருடைய மகள். அவளுக்கு முன்னால் ஒரு டம்ளரில் பாயாசம், ஆறி, மேலே ஆடை படிந்து. என் மகள் அந்த டம்ளரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

“யாராவது குடிச்சீங்களா?” என்று கேட்டேன். மூச்சு வாங்கியது.

“நோன்பே தொறக்கலையே டீச்சர், எப்புடிக் குடிக்கிறது?” என்றார் லாத்தா.

“பிள்ளை குடிச்சாளா?”

“அதத்தான் ஒங்க மகளும் கேக்குது. வேகாட்டியும் பரவால்லன்னு இவளுக்கு அப்பவே ஊத்திக் குடுத்துட்டேன். நீங்க எல்லாரும் பட்டினியா நிக்கிறப்ப நான் மட்டும் எப்புடிக் குடிக்கிறதுன்னு வச்சுக்கிட்டே ஒக்காந்துருக்கா.”

நான் மளமளவென்று சொல்லிவிட்டேன். பழைய ஜவ்வரிசி, பூச்சி விழுந்தது என்று ஏதாவது சொல்லிச் சட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஓடி வரும்போது ஒரு யோசனை வராமல் இல்லை. அந்த டம்ளரைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை. லாத்தா போய் அடுப்பை அணைத்தார். கரண்டியால் அள்ளிப் பார்த்தார். அத்தனை கொதியிலும் ஒன்று கூடக் கரையாமல், வெள்ளை வெளேரென்று நின்றன உருண்டைகள்.

அப்போது அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். “சீனி பாக்கச் சொல்லி உம்மா உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டாங்க. அத நக்குனேன்.”

நோன்பு வைத்தவர் சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டார். வைக்காதவரைத்தான் பார்க்கச் சொல்வார். அது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அந்த ஒரு சொட்டு எனக்கு இடி விழுந்தது போல இருந்தது. உருண்டை ஏதாவது உள்ளே போனதா என்று என் மகள் கேட்டாள். இல்லை, பால் மட்டும்தான் என்றாள் அந்தப் பெண். என் மகள் அவளை வாய் கொப்பளிக்கக் கூட்டிப் போனாள். பாங்கு சத்தம் கேட்டது.

லாத்தா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு பழத்தை எடுத்து என் கையில் திணித்தார். “நீங்களும் தின்னுட்டுத் தண்ணியக் குடிங்க. பேச்சே வரல ஒங்களுக்கு. பொறவு ஆட்டோவக் கூப்புடுங்க.” அவ்வளவுதான் சொன்னார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆலங்குடிக்கு அந்தப் பெண் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் போனோம். லாத்தாவும் மகளும் ஓர் ஆட்டோவில், நாங்கள் பின்னால் இன்னோர் ஆட்டோவில். வழியில் என் மகள் தனக்குத் தானே சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிடித்த ஈயத்தை உருண்டை சுலபத்தில் விடாது, ஆனால் கொதிக்கிற பாலில் எவ்வளவு இறங்கும் என்று தனக்குத் தெரியாது என்றாள். அப்படி யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். உருண்டையை விழுங்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம் என்று மறுபடி மறுபடி சொன்னாள்.

அது ஏன் பெரிய விஷயம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்குள் பொங்கல் விடுமுறையில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

“ஏன்டி, ஆசிட்ல போட்டா விட்ரும்னு சொன்னியே. வயித்துக்குள்ள இருக்குறதும் ஆசிட்தானே?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆய்வகத்தில் ஈயத்தைத் திரும்ப எடுக்க அவள் எதைச் செய்வாளோ, அதையே அந்த டம்ளரைக் குடித்திருந்தால் அந்தப் பெண்ணின் வயிறு செய்திருக்கும். உருண்டையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஈயத்தை மட்டும் உடம்புக்குள் விட்டிருக்கும். ஈயம் வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும் என்பதைப் பிறகு டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். அன்று ஆட்டோவில் இருபுறமும் தென்னந்தோப்பு ஓடியது. எனக்கு அந்த டம்ளரில் படிந்த ஆடை மட்டுமே கண்ணில் நின்றது.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ஒரு சொட்டுக்குப் பயப்பட வேண்டியிருக்காது, ஆனாலும் இரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றார். முடிவு வரச் சில நாளாகும்.

அந்த நாட்களில் சுவருக்கு மேலே கஞ்சி வரவில்லை. லாத்தாவின் மருமகன் துபாயிலிருந்து போனில் கத்தியது எங்கள் சமையலறை வரை கேட்டது. அவர் கத்தியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கத்தியிருப்பேன். என் மகள் பாயாசம் முழுவதையும் ஒரு கேனில் ஊற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். பேராசிரியரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, ஆய்வகப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனதற்குச் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். வடிகட்டிய உருண்டைகளை ஆசிட்டில் போட்டிருக்கிறார்கள். ஈயம் வந்துவிட்டது. அதில் வேறொரு கரைசலைச் சேர்த்து, வந்தது ஈயம்தான் என்று காட்டும் போட்டோவை எனக்கு அனுப்பினாள். கண்ணாடிக் குழாய்க்குள் தங்கப்பொடி போல மஞ்சள் மின்னியது. பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். ரிசல்ட் வந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லையாம் என்றார் லாத்தா. நான் ஈரத் துணியோடு அப்படியே கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிக்கும் வரை அவர் நின்றார். பிறகு, அந்த உருண்டை எதில் செய்தது, உண்மையிலேயே தன் தம்பி அனுப்பிய இறால் ஓடுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அப்ப எங்க வீட்டுச் சாமான்தான் திரும்ப எங்க வீட்டுக்கே வந்துருக்கு” என்றார். சிரிக்கவில்லை. ஆனால் முகம் இளகியிருந்தது.

அன்று சாயந்திரம் கஞ்சி வந்தது. பழைய வாளியை நான் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில்தான் வந்தது. நான் வாங்கித் திரும்பும்போது பின்னாலிருந்து சொன்னார்.

“டீச்சர், இனிமே எங்க பாத்திரத்த வெறுமனேயே குடுங்க. ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்.”

உள்ளே அவர் மகள் சிரிப்பது கேட்டது. எனக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மறுநாள் வாளிக்குள் வாழைப்பழம் வைத்தேன், தோலோடு.

பெருநாள் விடுமுறைக்கு மகள் வந்தபோது லாத்தா அவளைக் கூப்பிட்டுத் துத்தத் தண்ணீர் வித்தையைத் தனக்கும் காட்டச் சொன்னார். சுவர் மேல் டம்ளரை வைத்து, இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். நீலம் வடிய வடிய, இது குடிக்கிற தண்ணீருக்கும் ஆகுமா, பட்டறைக்காரர்கள் இதைப் போட்டால் வாய்க்கால் தண்ணீர் சுத்தமாகுமா, பிடித்த செம்பை விற்கலாமா என்று என்னைவிட அதிகம் கேள்வி கேட்டார். என் மகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அந்த உருண்டைகள் இருந்த பாட்டிலின் மூடியைக் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தாள்.

லாத்தாவின் பேத்தி இப்போது தவழ்கிறாள். சில சமயம் சுவருக்கு மேலாக அவளையே தூக்கி என்னிடம் நீட்டுகிறார்கள். அவளை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: பிடித்துக்கொள்ளவும் விட்டுவிடவும் தெரிந்த அந்த உருண்டைகளைப் பற்றி நானும் என் மகளும் எவ்வளவோ கேட்டோம், பேசினோம். ஆனால் இந்தப் பிள்ளையை எனக்கு மிச்சம் வைத்ததோ, அம்மா பசியோடு நிற்கிறாள் என்று ஒரு பெண் வாய் வைக்காமல் வைத்திருந்த டம்ளர்.